கம்பியில் சறுக்கத்தான் ஸ்கீ. ஆனால் கம்பிக்கு உத்தரவாதம் கிடையாது!

நீச்சல் உடை விற்கும் கடைக்காரர், "தண்ணீரில் நனைந்து கெட்டுப்போனால் கடை பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சிட்டால் ஊரே சிரிக்கும். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பார்க் ஸ்கீ விற்பவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை!

பனிச்சறுக்கு மையங்களில் 'டெரெய்ன் பார்க்' என்றொரு பகுதி இருக்கும். பனியால் கட்டிய மேடுகள், மாடிப்படிக் கைப்பிடி போன்ற இரும்புக் கம்பிகள், நீளப் பெட்டிகள்... இவற்றின் மேல் தாவிச் சறுக்குவதுதான் ஃப்ரீஸ்டைல். 1998இல் சாலமன் நிறுவனம் முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த 'டென் எய்ட்டி'யைக் கொண்டுவந்த பிறகு இதற்கென்றே தனி ஸ்கீக்கள் பெருகின. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் பதக்கப் போட்டியாகவே நுழைந்தது. விளம்பரப் படங்களிலும் கம்பிதான் நாயகன். உத்தரவாத அட்டையில் மட்டும் அதே கம்பி வில்லன்: கம்பியில் மோதி வரும் சேதம் கணக்கில் சேராது.

அந்தச் சேதம் எப்படி வருகிறது? ஸ்கீயின் நடுவே மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை, அடியில் பாலிஎத்திலீன் தகடு, ஓரத்தில் மெல்லிய எஃகு விளிம்பு. எல்லாம் எப்பாக்சி பசையால் ஒட்டப்பட்டவை. வீரர் குறுக்காகத் திரும்பிக் கம்பியில் இறங்கும்போது உடல் எடை முழுவதும் காலணிக்குக் கீழுள்ள சில அங்குலங்களில் விழுகிறது. விளிம்பில் விரிசல் விடுகிறது. விரிசல் வழியே உருகிய பனிநீர் மரத்துக்குள் புகுந்து, உறைந்து விரிந்து, அடுக்குகளைப் பிரிக்கிறது. பிதுங்கிய விளிம்பு கம்பியில் மாட்டினால் விழுவது ஸ்கீ மட்டுமல்ல, ஆளும்தான்.

"எஃகோடு எஃகு மோதினால் தேயாதா?" என்று கேட்பார்கள். தேயும். ஸ்கேட்போர்டுப் பலகையும்தான் உடைகிறது. ஆனால் அங்கே பலகையை மட்டும் மாற்றினால் போதும். சக்கரமும் அச்சும் அப்படியே இருக்கும். ஸ்கீயில் விளிம்பு உள்ளே ஒட்டப்பட்டிருப்பதால், ஒரு விரல் நீள விரிசலுக்காக ஒரு ஜோடியையே தூக்கிப்போட வேண்டி வருகிறது.

"தடித்த விளிம்பு வைத்தால் எடை கூடுமே?" என்பது அடுத்த சாக்கு. வழக்கமான விளிம்பு ஏறத்தாழ 2 மி.மீ. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து ஆன்3பி என்ற சிறு நிறுவனம் 2.5 மி.மீ. விளிம்பும் 1.8 மி.மீ. அடித்தகடும் வைத்தே பெயர் வாங்கியது. கொஞ்சம் எடை கூடுகிறது, உண்மைதான். ஆனால் சிறியவர்களால் முடிந்தது பெரியவர்களால் முடியாதா? முடியும், மனம்தான் இல்லை.

"நட்சத்திர வீரர்களே இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்!" என்பது மூன்றாவது வாதம். உடைந்த மறுநாளே அவர்களுக்குப் புது ஜோடியை நிறுவனமே கொடுத்துவிடும். பகுதிநேர வேலை பார்த்துக் காசு சேர்க்கும் பதினேழு வயதுப் பையனுக்கு யார் கொடுப்பார்கள்?

அந்தப் பையன் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறான். காலணிக்குக் கீழே விளிம்பின் கூர்மையை அரத்தால் மழுக்குகிறான். உறைபனியில் பிடிமானம் குறையும் என்று தெரிந்தே செய்கிறான். விரிசலில் எப்பாக்சி பூசி இன்னும் சில வாரங்கள் ஓட்டுகிறான். விற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்யட்டும். விளிம்பின் தடிமனையும் அடித்தகட்டின் தடிமனையும் ஸ்கீயின் மேலேயே அச்சிடட்டும். ஒரே ஒரு பருவத்துக்காவது கம்பிச் சேதத்தையும் உத்தரவாதத்தில் சேர்க்கட்டும்.

முடியாது என்றால், விளம்பரப் படத்திலிருந்து கம்பியை எடுத்துவிடட்டும்!