விழக் கற்பதும் ஒரு கல்வியே

2025 ஜனவரி நடுப்பகுதியில், ஓரிரு நாள் இடைவெளியில், மூன்று பாராகிளைடிங் விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்தன. இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் உள்ள கார்சாவில், நடுவானில் மற்றொரு பாராகிளைடர் மோதியதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். தர்மசாலா அருகே, அகமதாபாதிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர் பறக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே விழுந்து இறந்தார். கோவாவின் கேரி கிராமத்தில் புணேயைச் சேர்ந்த இளம்பெண்ணும், அவரை அழைத்துச் சென்ற விமானியும் பள்ளத்தில் விழுந்து மாண்டனர். அதே ஜனவரியில்தான், பொள்ளாச்சியில் ஆண்டுதோறும் நடந்துவந்த பன்னாட்டு வெப்பக் காற்று பலூன் திருவிழா சென்னைக்கும் மதுரைக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

ஒரே மாதத்தில் வந்த இவ்விரு வகைச் செய்திகளையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. வானம் நம் பகுதியிலும் ஒரு சந்தையாக மாறத் தொடங்கிவிட்டது என்பது ஒன்று. அந்தச் சந்தையில் விற்கப்படும் பண்டத்தின் தரத்தை வாங்குபவரால் அறிய முடிவதில்லை என்பது மற்றொன்று.

மதுரையில் பாராகிளைடிங் இன்று பரவலான பொழுதுபோக்கு அன்று. ஆனால் ஏலகிரிக்கும், இடுக்கி மாவட்டத்து வாகமனுக்கும், இமாசலத்தின் பீர்-பில்லிங்குக்கும் சென்று பறந்துவிட்டு வரும் இளைஞர்கள் நம் ஊரில் கணிசமாக இருக்கிறார்கள். என் முன்னாள் மாணவர் ஒருவர் அவர்களில் ஒருவர். பல ஆண்டுகளாகப் பறந்துவரும் அவர், அண்மையில் மேம்பட்ட பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தார். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர் மீண்டும் எதற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டும் என்று கேட்டேன். விழுவதற்குப் படிக்கப் போனதாக அவர் சொன்னார். அந்தப் பதில் ஒரு பொருளியல் ஆசிரியனாக என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பாராகிளைடர் என்பது சட்டகம் ஏதுமற்ற துணிச் சிறகு. அதன் முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியே புகும் காற்று உள்ளறைகளை நிரப்புகிறது. அந்த அழுத்தமே சிறகுக்கு வடிவம் தருகிறது. காற்று கொந்தளிக்கும்போது சிறகின் ஒரு பாதி மடங்கிப் போகலாம். முன்விளிம்பு முழுவதுமே மடியலாம். வேகம் குறைந்து தூக்குவிசை அற்றுப் போகலாம். சிறகு சுழன்றபடி கீழ்நோக்கிப் பாயவும் கூடும். தொடக்கநிலையினருக்கென வடிவமைக்கப்பட்ட சிறகுகள், போதிய உயரம் இருந்தால், பெரும்பாலும் தாமாகவே விரிந்துகொள்ளும். பல நேரங்களில் சிக்கலைப் பெரிதாக்குவது மனிதனின் பதற்றமே. மடங்கிய சிறகைக் கண்டதும் கை இயல்பாகவே கட்டுப்பாட்டுக் கயிறுகளை முழு பலத்தோடு இழுக்கிறது. மீளவிருந்த சிறகு அதனாலேயே மீள முடியாமல் போகிறது. மழை நாளில் வழுக்கும் சாலையில் முன்சக்கர பிரேக்கை இறுகப் பிடித்து விழும் இருசக்கர வாகன ஓட்டியின் நிலையும் இதுதான்.

எஸ்.ஐ.வி. என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சி, இந்தப் பதற்றத்தைப் பழக்கத்தால் வெல்லும் முயற்சியாகும். 'பறக்கையில் நேரும் அசம்பாவிதங்களின் ஒத்திகை' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. ஏரிக்கோ கடலுக்கோ மேலே, போதிய உயரத்தில், உயிர்காப்பு உடையணிந்த விமானி தன் சிறகைத் தானே வேண்டுமென்றே மடக்குகிறார், பின்னர் மீட்கிறார். கீழிருந்து பயிற்றுநர் வானொலிக் கருவி வழியாக ஒவ்வொரு அசைவையும் சொல்கிறார். நீரில் மீட்புப் படகு காத்திருக்கிறது. மீட்க முடியாத நிலையில் கையால் எறிய வேண்டிய அவசரகால பாராசூட்டை உண்மையாகவே எறிந்தும் பழகுகிறார்கள். மாலையில் காணொலிப் பதிவை ஓடவிட்டுத் தவறுகளை அலசுகிறார்கள். பிரான்ஸின் அன்னெசி ஏரியும், துருக்கியின் ஒலுதெனிஸ் கடற்கரையும் இதற்குப் பெயர்பெற்றவை. நம் நாட்டில் உத்தரகண்டின் டெஹ்ரி ஏரி, 2023இல் நடந்த வான்சாகச விழாவுக்குப் பின் இத்தகைய பயிற்சிகளுக்கான களமாக அறியப்பட்டு வருகிறது.

'செய்து பார்த்துக் கற்றல்' என்னும் கருத்தைப் பொருளியலில் 1962இல் விரிவாக முன்வைத்தவர் கென்னத் ஆரோ. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதாலேயே திறன் வளர்கிறது என்பது அதன் சாரம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் கைகளுக்கும், மல்லிகைச் சரம் தொடுக்கும் விரல்களுக்கும் இது பொருந்தும். அரிதாக நேரும் ஆபத்துக்கு இது பொருந்தாது. ஆயிரம் முறை அமைதியாகப் பறந்தவருக்கு அந்த ஆயிரம் அனுபவமும் சிறகு மடங்கும் அந்த மூன்று விநாடிகளைக் கற்றுத் தருவதில்லை. மாறாக, 'இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்ற பொய்யான உறுதியைத்தான் தரக்கூடும். அன்றாட அனுபவம் கற்பிக்காத ஒன்றைத் தனியே, திட்டமிட்டு, விலை கொடுத்துத்தான் கற்க வேண்டும். பயணிகள் விமானங்களின் விமானிகள் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பாவனைக் கருவியில் அமர்ந்து இயந்திரக் கோளாறுகளை எதிர்கொண்டு காட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

நம் நாட்டில் உரிமம் வழங்கும் முறை இதற்கு நேர் எதிரானது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் காலூன்றாமல் 'எட்டு' போட்டுக் காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடுகிறது. குறுக்கே நாய் பாயும்போதும், எதிரே பேருந்து முந்தி வரும்போதும் என்ன செய்வது என்பதை எவரும் சோதிப்பதில்லை. வழக்கமான நிலையில் திறமையைக் காட்டுவதே தகுதி என்று நாம் பழகிவிட்டோம். அவசர நிலையில் காட்டும் நிதானமே தகுதி என்பதை இனிதான் கற்க வேண்டும்.

இந்தப் பயிற்சியை விமானிகள் தாமாகவே நாடாதது ஏன்? ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு விடை தருகிறது. பழைய கார் சந்தையில் எது நல்ல வண்டி என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே நல்ல வண்டிக்கும் உரிய விலை கிடைப்பதில்லை. நல்லவை சந்தையை விட்டு விலகுகின்றன. சுற்றுலாப் பயணியை அமர்த்திப் பறக்கும் விமானியின் நிலையும் இதுவே. அவருக்கு வருமானம் பறக்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது. பயிற்சிக்குச் செல்லும் ஒரு வாரம் பருவகால வருமானத்தில் இழப்பு. கட்டணமும் அவர் கையிலிருந்தே போகிறது. திரும்பி வந்த பின் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே கட்டணம்தான். பயனோ முன்னால் பெல்ட் கட்டி அமரும் முன்பின் அறியாதவருக்குச் சேர்கிறது. செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் என்றால் அந்த முதலீடு குறைவாகவே நடக்கும் என்பது பொருளியலின் பாலபாடம்.

இதனால், பயிற்சி ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. 2024 பிப்ரவரியில் குலு அருகே தோபியில் ஹைதராபாதிலிருந்து வந்த பெண் விழுந்து இறந்தபோது, பாதுகாப்புப் பட்டை முறையாகப் பூட்டப்படவில்லை என்றே குற்றஞ்சாட்டப்பட்டது. அங்கே தேவைப்பட்டது புறப்படும் முன் செய்யும் சரிபார்ப்பு. கார்சாவில் தேவைப்பட்டது வானில் நெரிசலைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு. 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலா கடற்கரையில், கோவையைச் சேர்ந்த பெண்ணும் பயிற்றுநரும் பறந்தபடியே உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கி நெடுநேரம் தொங்கியபோது, பறக்கும் இடத்தின் தேர்வே கேள்விக்குள்ளானது. ஏரிமீது பெறும் பயிற்சி இவை எதற்கும் நேரடி விடையன்று. போதிய உயரத்தில் சிறகு நிலைகுலையும்போதுதான் அது உயிர் காக்கும். விபத்தின் வகையைப் பிரித்தறியாமல் 'பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்படும்' என்று ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் அறிவிப்பதில் பயனில்லை. இமாசலத்தில் வான் விளையாட்டுகளுக்கென 2004ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. வாகனங்களில் பாதுகாப்பு வசதிகளைக் கட்டாயமாக்கினால் ஓட்டுநர்கள் கூடுதல் துணிச்சலோடு ஓட்டத் தொடங்குவர். ஆதாயம் கரைந்துவிடும் என்று 1975இல் வாதிட்டார் சாம் பெல்ட்ஸ்மன். மீளத் தெரிந்தவர் மோசமான வானிலையிலும் புறப்படத் துணிவாரே என்ற ஐயம் நியாயமானது. என் மாணவரிடம் இதைக் கேட்டேன். தம் கைகள் எவ்வளவு தாமதமாக வேலை செய்கின்றன என்பதைக் காணொலியில் பார்த்த பிறகு, புறப்படாமல் திரும்பிய நாள்கள் கூடியிருப்பதாகச் சொன்னார். ஒருவரின் அனுபவம் சான்றாகிவிடாது. ஆயினும், நல்ல பயிற்சி துணிச்சலைவிட எல்லையை அதிகம் கற்பிக்கும் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

மதுரைக்கு இந்த விவாதம் புதிதன்று. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஆபத்தோடு விளையாடுவது நம் மரபு. அங்கே இன்று வீரர்களுக்கு முன்பதிவு, மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு வேலி, களத்தில் தேங்காய் நார், வாசலில் ஆம்புலன்ஸ் என்று ஒழுங்குகள் வந்துள்ளன. உயிரிழப்புகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் ஆபத்தை ஒழிக்க முடியாவிட்டாலும் ஒழுங்குபடுத்த முடியும் என்பதை இம்மாவட்டம் கற்றிருக்கிறது. கற்காதபோது என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். தீக்காயங்களோடு பலர் கொண்டுவரப்பட்டது நம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான். மலையேற்றத்துக்கான விதிகள் அதன் பிறகே வகுக்கப்பட்டன. வான் விளையாட்டுக்கும் ஒரு குரங்கணி நேர்ந்த பிறகுதான் விதி வர வேண்டுமா?

மத்திய அரசு 2022 ஜூன் மாதம் வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கையில் பாராகிளைடிங்கும் அடங்கும். தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கை சாகசச் சுற்றுலாவுக்கு முன்னுரிமை தருகிறது. ஆக, ஆவணங்களுக்குக் குறைவில்லை. செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை மூன்று. முதலாவது, பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு விமானியும் கடைசியாக எப்போது அவசரநிலைப் பயிற்சி பெற்றார், அவரது அவசரகால பாராசூட் எப்போது பிரித்து மடிக்கப்பட்டது என்ற விவரங்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். தகவல் வெளியே வந்தால் பயிற்சி பெற்றவர் கூடுதல் கட்டணம் கேட்க முடியும். ஆகர்லாஃப் சொன்ன சிக்கல் பாதி தீரும். இரண்டாவது, ஒவ்வொரு பயணச்சீட்டிலும் சிறு தொகையைப் பிடித்து, விமானிகளின் பயிற்சிக்கான பொது நிதியாக்க வேண்டும். மூன்றாவது, மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தண்டனை அச்சமின்றித் தெரிவிக்கும் முறை வேண்டும். மரணங்களை மட்டும் எண்ணும் சமூகம், அவற்றுக்கு முன்னே வந்த எச்சரிக்கைகளை இழந்துவிடுகிறது.

மதுரைச் சமவெளியில் எவரேனும் இத்தொழிலைத் தொடங்க எண்ணினால் கூடுதல் கவனம் தேவை. சமவெளியில் பறக்கும்போது உயரம் பெரும்பாலும் குறைவு. உயரம் என்பது வானில் நேரத்தின் மறுபெயர். தாழப் பறக்கையில் பாராசூட் விரியவும் அவகாசம் இராது. கோடை நண்பகலில் யானைமலைப் பாறையும் வறண்ட கண்மாய்களும் கிளப்பும் வெப்பக் காற்றில் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிடுகின்றன. அதே காற்று துணிச் சிறகைக் குலைக்கவும் வல்லது. கீழே உயர்அழுத்த மின்கம்பிகள், தென்னந்தோப்புகள், கைப்பிடிச் சுவரற்ற கிணறுகள், மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளங்கள். பக்கத்திலேயே விமான நிலையம்.

அரசு செய்ய வேண்டியவை நடக்கும்வரை காத்திருக்காமல் குடிமக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் மகனோ மகளோ எங்கேனும் பறக்க விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை. அழைத்துச் செல்பவரிடம் எத்தனை முறை பறந்திருக்கிறீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், விழுவதற்குக் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருடன் பறக்காமல் திரும்பி வருவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.