சதைச் சோதனை முடிவு வரும்வரை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தோலில் ஆறாத புண்ணோ தடிப்போ கண்டால், முதலில் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் கோவில் புற்றுமண். பிறகு மஞ்சள், வேப்பிலை. அதற்கும் அடங்காவிட்டால் எருக்கம்பால், சுண்ணாம்பு. இத்தனையும் ஆன பிறகே பலர் டாக்டரிடம் போகின்றனர். அவரோ, "கொஞ்சம் சதை எடுத்து அனுப்பிப் பார்த்துவிடலாம்" என்கிறார். அங்கேயே விவசாயிக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. முடிவு வரும்வரை தூக்கமில்லை. பயிரைப் பார்க்க மனமில்லை. வீட்டிலும் வாய் திறப்பதில்லை.

இப்படி மூடி வைப்பது சரியல்ல. மண் பரிசோதனைக்கு மண் எடுத்து அனுப்புவதால் நிலம் கெட்டுவிட்டது என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. மிளகாய் இலை மஞ்சளாவது நோயாலும் இருக்கலாம், சத்துக் குறைவாலும் இருக்கலாம். தோலும் அப்படித்தான். சர்க்கரை நோயால் ஆறாத புண், நாள்பட்ட படை, சாதாரண மரு ஆகியவையும் பார்வைக்குப் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாததால்தான் சோதனை.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று டீக்கடையில் சொல்வதற்கு ஆதாரமில்லை. எடுத்த துண்டை மருந்து நீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, உருப்பெருக்கியில் பார்க்கின்றனர். சந்தேகம் வந்தால் வேறு சாயமும் ஏற்றுவார்கள். ஆகவே நாள் கூடினால் கெட்ட செய்தி என்று பொருளல்ல. முடிவு எந்தத் தேதியில் வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலே பாதிப் பயம் குறையும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். அதில் கூச்சம் தேவையில்லை.

நம்மவர் தோலின் கருநிறம் வெயிலிலிருந்து ஓரளவு காப்பதால், வெள்ளையர் நாடுகளைவிட இங்கே தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் வரும் இடங்கள் வேறு. வேட்டி இறுகும் இடுப்பில் வரும் புற்றை 1945-லேயே பம்பாய் டாக்டர் வி. ஆர். கனோல்கர் எழுதியிருக்கிறார். பழைய தீக்காயத் தழும்பிலும், உள்ளங்காலிலும் வரலாம். வெறுங்காலுடன் நடக்கும் விவசாயி, உள்ளங்காலில் பரவும் கருமையை முள் குத்திய தடம் என்று விட்டுவிடுகிறார். அந்தக் கரும்புற்று பொல்லாதது. சீக்கிரம் காட்ட வேண்டும். மற்ற தோல் புற்றுகளில் பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் குணமாகிவிடும்.

புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. திறந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் படக்கூடாது. மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். கட்டுப் போட்ட இடம் நனையாமல் பார்த்துக்கொண்டு, பூப்பறிப்பது, ஆடு மேய்ப்பது போன்ற வேலைகளைச் செய்யலாம். கை சும்மா இருந்தால் மனம் அலையும். மருந்து தெளிப்பதும் சேற்றில் இறங்குவதும் வேண்டாம்.

முடிவு வருமுன்பே ஆட்டை விற்பதும், நகையை அடகு வைப்பதும் பெரிய தவறு. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்க்கு வழியுண்டு. இது ஒட்டுவாரொட்டி அல்ல. தட்டு, தம்ளரைத் தனியாக ஒதுக்கி அவரை மேலும் நோகடிக்கக்கூடாது.

வீட்டார் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு. பயந்துபோன மனிதர் இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் பூச்சிமருந்து இருக்கக்கூடாது. உறவினர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து பேச வைக்கலாம்.

முடிவு வாங்கும் நாளில் மனைவியோ மகனோ உடன் போக வேண்டும். பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும். மீதியைக் கூட இருப்பவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். புற்று இல்லை என்று வந்தாலும், புண் ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் அதே சீட்டுடன் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும்.