சாவிற்குத் துணையா, நோவிற்குத் துணையா?

தீராப் பிணியால் நலிந்து கிடப்பார்க்கு நாம் செய்யத்தக்கது யாது? அன்னார் வேண்டின், மருத்துவர் கையாலேயே உயிரை முடித்துவிடுதல் கருணையாகும் என்பர் ஒரு சாரார். நெதர்லாந்து தேசத்தில் 2002-ஆம் ஆண்டு முதலும், கனடா தேசத்தில் 2016-ஆம் ஆண்டு முதலும் இது சட்டமாயிற்று. கனடாவில் 2021-ஆம் ஆண்டிலே, மரணம் அணுகாத நோயாளர்க்கும் அச்சட்டம் விரிக்கப்பட்டது. நம் நாட்டிலும் இதனை விரும்புவோர் உளர். அவர்தம் நெஞ்சில் இரக்கம் இல்லை என்று யான் கூறேன். அவ்விரக்கம் வழி தவறியது என்பதே என் துணிபு.

எனது ஊர் தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு. ஆலைக்குக் கரும்பு வெட்டி வாழ்ந்த முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர்க்குப் புற்றுநோய் கண்டு எலும்பிலும் பரவிற்று. “இனிச் செய்வதற்கொன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று மருத்துவர் கைவிட்டனர். இரவெல்லாம் அவர் அரற்றும் ஒலி தெருமுனை மட்டும் கேட்கும். “ஏதாவது ஊசி போட்டு என்னை முடித்துவிடச் சொல்லு, தம்பி” என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். யான் விடையறியாது நின்றேன். பின்னர் அவர் மகன், தொலைவிலுள்ள ஒரு நகரத்து மருத்துவமனையில் மார்பின் மாத்திரை கிடைக்கும் என்றறிந்து, பேருந்தேறிச் சென்று பெற்று வந்தார். நான்காம் நாள் யான் சென்றபோது, பெரியவர் திண்ணையில் சாய்ந்தமர்ந்து, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று மருமகளைக் கடிந்துகொண்டிருந்தார்! அதன்பின் பதினொரு வாரம் வாழ்ந்தார். சாவை மீண்டும் ஒருகாலும் கேட்டிலர். அவர் முன்னர்க் கேட்டது சாவையன்று, வலி நீங்குதலையே என்பதை அன்று யான் உணர்ந்தேன்.

அம்மாத்திரை அத்துணை அரிதாயிருப்பானேன்? மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அபினிச் செடியோ மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய நம் மாகாணங்களிலேயே அரசின் உரிமம் பெற்றுப் பயிராகிறது. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கடுந்தண்டனையும் பற்பல உரிமங்களும் விதித்தமையால், மருத்துவமனைகள் அம்மருந்தை வைத்திருக்கவே அஞ்சின. மருத்துவரும் பொதுமக்களும் ஆண்டுக்கணக்காக மன்றாடியதன் பயனாக 2014-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பெற்றது. சட்டம் தளர்ந்தும் பழைய அச்சம் முற்றும் தளர்ந்திலது.

சாகும் உரிமை என்பது ஏழையிடம் வந்தால் என்னாகும் என்றறிய அயல்நாடு தேடவேண்டுவதில்லை. விருதுநகர் முதலான நம் தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் இருந்தமை 2010-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களால் பரவலாக வெளிப்பட்டது. படுத்த படுக்கையான முதியோரை எண்ணெய் நீராட்டின் பெயரால் உற்றாரே சாகச் செய்வது அது. சட்டத்தின் கண்ணில் அது கொலை. செய்தோர் பலரோ அதனைக் கருணை என்றே கருதினர். முதியோர் சிலர் தாமே உடன்பட்டனர் என்றும் கூறுவர். பிறர்க்குச் சுமையானோமே என்னும் நாணத்தால் எழும் உடன்பாடு உடன்பாடாகுமா? சாவையும் ஒரு மருந்தென்று சட்டம் எழுதி வைக்குமாயின், பணமில்லா வீட்டில் அதுவே மலிவான மருந்தாகும். இன்று உரிமை எனப்படுவது நாளை கடமையாகிவிடும்.

“வடக்கிருந்து உயிர் துறத்தலைச் சங்கச் சான்றோர் போற்றவில்லையா? இதே பெண்ணையாற்றின் கரையில், திருக்கோவலூரில் அன்றோ கபிலர் உயிர் நீத்தார்?” எனத் தமிழ் பயிலும் நண்பர் வினவலாம். கோப்பெருஞ்சோழன் மானத்தின் பொருட்டும், கபிலர் நட்பின் பொருட்டும் தம் உயிரைத் தாமே துறந்தனர்; மருத்துவரை அழைத்து முடிக்கச் சொல்லிற்றிலர். மருந்தும் துணையுமின்றித் தவிக்கும் நோயாளிக்கு அவரை எடுத்துக்காட்டாக நிறுத்துதல் பொருந்தாது.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். பயனற்ற பொறிகளால் மூச்சை இழுத்துப் பிடித்து வைக்கவேண்டும் என்று யான் வாதிக்கவில்லை. தக்க நெறிமுறைகளுக்குட்பட்டு அவற்றை நீக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் தீர்ப்பளித்து, 2023-ஆம் ஆண்டில் அந்நெறிமுறைகளை எளிதாக்கிற்று. வருகின்ற சாவிற்கு வழிவிடுதல் வேறு. வாராத சாவைக் கையால் கொணர்தல் வேறு. மார்பின் தந்தும் தணியாத துன்பம் சிலர்க்கு உண்டென்பதும் மெய்யே. அவர்க்கும் நாம் கடன்பட்டது பெருந்துணையே, கைகழுவுதல் அன்று.

பின்னை வழி யாது? 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். நாளடைவில் பொதுமக்களே தொண்டராகப் பயின்று, அக்கம்பக்கத்து நோயாளரின் இல்லம் சென்று பேணலாயினர். கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தமிழ்நாட்டிலும் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், படுக்கையிலுள்ளோர்க்கு இல்லத்திலேயே செய்யும் ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. வித்து ஊன்றப்பட்டது, நீர் வார்ப்பார் வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலையூர்களிலோ, பேருந்து நிற்கும் இடத்தை அடைவதற்கே நெடுந்தூரம் நடக்கவேண்டிய குடும்பங்கள் உள. அவர்கள் ஒரு மாத்திரைக்காக நகரம் போய்வருதல் இயலுமா? வட்டந்தோறும் ஓர் அரசு மருத்துவமனையிலேனும் மார்பின் இருத்தல் வேண்டும். அதனை அளிக்கப் பயின்ற மருத்துவரும் செவிலியரும் வேண்டும். இதனைக் கேட்டு விண்ணப்பம் எழுதுதல் நம்மால் ஆகாததா? வாரத்தில் ஒரு மாலை, நம் தெருவிலுள்ள நோயாளி ஒருவரருகே அமர்ந்திருத்தல் ஆகாததா?

நல்ல சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவன் படும் பாட்டைக் கண்டு, அவ்வுயிரை முடித்துவிட எண்ணினான் அல்லன். காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டினான், சத்திரத்திற் சேர்த்தான், செலவிற்குக் காசும் கொடுத்தான். தலைக்கூத்தலிலும் எண்ணெய் உண்டு. சமாரியன் கையிலும் எண்ணெய் உண்டு. நம் கையிலுள்ளது எதற்கென்று நாமே தேர்ந்துகொள்வோமாக.