கதவைத் தட்டும் கைக்கு ஊதியம் எங்கே?

கருவுற்ற 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அரசு தாய்மார்களுக்கு ஓயாமல் அறிவுரை கூறுகிறது. அறிவுரை சரியானதே. ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த வகை ஆகியவை முதல் மூன்று மாதங்களிலேயே தெரிந்துவிட்டால் பல ஆபத்துகளை முன்கூட்டியே எதிர்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையால் இரத்தசோகையைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். எட்டாம் மாதத்தில் அதைக் கண்டறியும் மருத்துவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். முதல் மூன்று மாதங்களில் பரிசோதனை பெற்ற தாய்மார்கள் 70 சதவீதம். நான்கு முறையாவது பரிசோதனை பெற்றவர்கள் 58.1 சதவீதம். இரும்புச்சத்து மாத்திரையை 180 நாட்கள் உட்கொண்டவர்களோ 26 சதவீதம் மட்டுமே. முதல் பரிசோதனைக்கு வந்த பெண் ஏன் நான்காவதற்கு வரவில்லை? "விழிப்புணர்வு இல்லை" என்று ஆட்சியாளர்கள் ஒரே சொல்லில் பதில் தருகிறார்கள். கோலார் தங்கவயலுக்கு வந்து இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நூற்றிருபது ஆண்டுகள் இந்த மண்ணிலிருந்து தங்கம் எடுக்கப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். 1930-இல் கைரேகைப் பதிவு என்ற அவமானத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். சுரங்கத்தோடு ஒரு மருத்துவமனையும் இருந்தது. லைன் வீடுகளில் பிறந்த பல தலைமுறைக் குழந்தைகள் அங்கேதான் பிறந்தன.

2001 பிப்ரவரி 28 அன்று வாஜ்பாய் அரசு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மருத்துவமனையும் பூட்டப்பட்டது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, இருபது ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த அதே கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் சுத்தம் செய்து நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அதுவரை திறக்காததற்குச் சொன்ன காரணங்கள் அத்தனையும் அந்தச் சில வாரங்களில் பொய்யாகிவிட்டன. சயனைடு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைத் தோண்ட 1,003 ஏக்கரில் அனுமதி தரலாம் என்று 2024-இல் கர்நாடக அமைச்சரவை முடிவெடுத்தது. மண்மேட்டின் மீது ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள அக்கறை, அதன் நிழலில் வாழும் கர்ப்பிணியின் மீது ஏன் இல்லை?

சுரங்கம் மூடியபின் தங்கவயலின் பிழைப்பு இரயிலில் தொங்குகிறது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டியில் ஆண்களும் பெண்களும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில்தான் திரும்புகிறார்கள். சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அந்தப் பெண் ஊரில் இருப்பதில்லை. ஒரு பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. நான்கு பரிசோதனை என்றால் நான்கு நாள் கூலி. பரிசோதனை இலவசம் என்று எழுதிவைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புகிறவர் ஆஷா ஊழியர். நாள் தள்ளிப்போனதை மாமியாருக்கு முன்பே அறிபவர் அவர். இரயில் வந்த பிறகு இரவில் கதவைத் தட்டுகிறார், கர்ப்பத்தை உறுதிசெய்கிறார், தாயி அட்டைக்குப் பதிவு செய்யவைக்கிறார். கன்னடம் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு அட்டையில் உள்ளதைத் தமிழில் சொல்கிறார். மாத்திரை குமட்டுகிறது என்று மூலையில் போட்டவளிடம் மீண்டும் மீண்டும் வந்து பேசுகிறார். சுவரொட்டியால் இதைச் செய்ய முடியாது, கைப்பேசிச் செயலியாலும் முடியாது.

இதற்கு அரசு வைத்திருக்கும் விலை என்ன? ஜனனி சுரக்ஷா திட்டத்தில் நகர்ப்புற ஆஷாவுக்கு ஒரு கர்ப்பிணிக்கு 400 ரூபாய். கர்ப்பகாலக் கவனிப்புக்கு 200, மருத்துவமனைப் பிரசவத்துக்கு 200. ஒன்பது மாத நடைக்கு 200 ரூபாய்! அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்கு ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டால் பிரசவப் பங்கும் கைக்கு வராது. துண்டு வேலைக்குக் கூலி கணக்கிடும் ஆலை முதலாளியின் முறை இது. தாயின் உயிரையும் துண்டு துண்டாக விலை பேசுகிறார்கள்.

2005-இல் திட்டம் தொடங்கிய நாள் முதல் இவர்களுக்குத் "தன்னார்வலர்" என்று பெயர். 2013-இல் 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப் பரிந்துரைத்தது. காங்கிரஸ் ஆட்சியும் அதைச் செய்யவில்லை, மோடி ஆட்சியும் செய்யவில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தபோது மட்டும் வாழ்த்துச் சொல்ல முந்திக்கொண்டார்கள். 2025-இல் ஒன்றிய அரசு மாதாந்திர ஊக்கத்தொகையை 2,000-லிருந்து 3,500 ரூபாயாக உயர்த்தியது. போராட்டத்தால் வந்த உயர்வு அது; வரவேற்போம். ஆனால் 3,500 ரூபாய் ஊதியமாகாது.

கர்நாடகக் காங்கிரஸ் அரசின் கதை வேறல்ல. 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஆஷாக்கள் நான்கு நாட்கள் குளிரில் கிடந்தார்கள். ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபாய் உறுதி என்று முதலமைச்சர் சித்தராமையா வாக்களித்தார். அதை நிறைவேற்றக் கோரி ஆகஸ்டில் அவர்கள் மீண்டும் வீதிக்கு வர வேண்டியதாயிற்று. கர்ப்பிணியைக் காலத்தோடு வரச் சொல்லும் அரசுக்கு, கொடுத்த வாக்கைக் காலத்தோடு காப்பாற்றத் தெரியவில்லை.

சேவைக்குக் கூலி கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாவட்ட ஆட்சியரும் மருத்துவ அதிகாரியும் செய்வதும் சேவைதான். அவர்களை யாரும் ஊக்கத்தொகையில் வாழச் சொல்வதில்லை. ஏழைப் பெண், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண், செய்யும் வேலைக்கு மட்டும்தான் தியாகம் என்ற பட்டம் சூட்டப்படுகிறது.

தோழர்களே, நம்மிடமும் ஒரு குறை உண்டு. சுரங்கத் தொழிலாளியின் நிலுவைக்காகப் போராடினோம். அவருடைய மருமகளின் பிரசவத்தை "பெண்கள் விஷயம்" என்று மாதர் அமைப்பிடம் விட்டுவிட்டோம். கர்ப்பிணியின் கூலி இழப்பும் ஆஷாவின் கூலி மறுப்பும் ஒரே வர்க்கப் பிரச்சினையின் இரு முகங்கள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதி ஆஷா ஊழியரை அறிந்திருக்க வேண்டும். அவர் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் கர்ப்பிணிகளின் குடும்பங்களை அவர் பக்கம் நிறுத்த வேண்டும்.

ஆஷாக்களைத் தொழிலாளர்களாக அங்கீகரி! குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்கு! வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு மாலை நேர, ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை நடத்து! பரிசோதனை நாளின் கூலி இழப்பை ஈடுசெய்! சுரங்க மருத்துவமனையைத் தாய்சேய் மருத்துவமனையாகத் திற! தங்கவயலில் இந்த முழக்கங்கள் லைன் லைனாக ஒலிக்கட்டும்.