நினைவு மலரில் விடுபட்டது

தம்தரியில் என்னோடு வளர்ந்தவர்கள் சிலர் சேர்ந்து இந்தியில் ஒரு நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். தபாலில் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தேன். கடைசியில் கோபம்தான் வந்தது.

வேலூரில் நர்ஸிங் படித்த அம்மாவும் நாசரேத்துக்காரரான அப்பாவும் தம்தரி மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய், அங்கேயே மெனோனைட் சபையில் சேர்ந்தவர்கள். இன்று அந்த ஊர் சத்தீஸ்கரில் இருக்கிறது. அன்று மத்தியப் பிரதேசம். 1899இல் பஞ்ச காலத்தில் அமெரிக்க மெனோனைட்டுகள் வந்து தொடங்கிய மிஷன் அது.

மலரில் ராய்ப்பூரிலிருந்து வரும் சின்ன ரயில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து பாடிய பஜன்கள், காம்பவுண்டு மாமரம், கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அரசா (நம் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி) எல்லாம் இருக்கின்றன. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற கொள்கையைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாமரமும் பஜனும் எல்லா மிஷன் காம்பவுண்டிலும்தான் இருந்தன. பிறகு எதை வைத்து நம்மை மெனோனைட் என்று சொல்லிக்கொள்கிறோம்?

அந்த ஒன்றுக்காக நாடு விட்டு நாடு போனவர்கள் இவர்கள். 1870களில் ரஷ்யாவில் கட்டாய ராணுவ சேவை வந்ததும் ஆயிரக்கணக்கானோர் விளைந்த நிலத்தை விட்டுவிட்டுக் கனடாவுக்கும் கான்சாஸுக்கும் கப்பலேறினார்கள். எங்கள் அப்பா ராத்திரியில் சொன்னது ராஜா ராணிக் கதை அல்ல, டிர்க் வில்லெம்ஸ் கதை. 1569, ஹாலந்து. மதக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர் தப்பி, உறைந்த நீரின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து உள்ளே விழுகிறான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார். அவரைப் பிடித்துக்கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். "அவரு ஓடியிருக்கலாமேப்பா" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அப்பா பதில் சொன்னதில்லை.

மலர் போட்டவர்களில் ஒருவரிடம் போனில் கேட்டேன். "எல்லையில் சிப்பாய் நிற்பதால்தானே பாயி நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. அதையே மலரில் எழுதியிருக்கலாமே! கொள்கை தப்பு என்று வாதாடினால் நானும் உட்கார்ந்து வாதாடுவேன். சத்தமில்லாமல் கிழித்துப் போட்டுவிட்டு, அதன் மேல் அரசா பலகாரத்தைப் பரப்பி வைத்தால் என்ன செய்வது?

பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. 1963 முதல் கல்லூரியில் என்.சி.சி. கட்டாயம். 1965இல், சண்டை நடந்த சமயம், நானும் 303 ரைபிளைத் தூக்கினேன். மறுத்துப் பார்க்கக்கூட இல்லை. பிடித்தும் இருந்தது. லீவுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "சரிலே, போய்ச் சாப்பிடு" என்றார்.

அந்த ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் அன்று ஒருவர் காலை ஒருவர் கழுவுவது வழக்கம். அப்பா தன் வழக்கமான ஜோடியான தோட்டக்காரரை விட்டுவிட்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பரேடு பூட்ஸ் கடித்து இரண்டு குதிகாலிலும் புண். அந்த இடத்தில் மட்டும் மெதுவாகக் கழுவினார்.