சொந்த விருப்பத்தின் பேரில்

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ராஜகிரி மலை படம் படமாக வந்து குவிந்தது. தொண்டூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "பரவால்லியே, கல்லுக்கே சாங்ஷன் ஆயிடுச்சு" என்றார். அப்புறம் முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார்.

சாங்ஷன் என்பது அவர் வாயில் வெறும் வார்த்தை கிடையாது. பெரியம்மா ராணுவ நர்ஸாக இருந்தவர். 1975இல் சேர்ந்தார், 1982இல் வெளியே வந்தார். ஏழு வருஷம் வடக்கே இரண்டு ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டிருந்த அதிகாரி. போர் நடக்காத வருஷங்களிலும் ராணுவ ஆஸ்பத்திரி காலியாக இருக்காது என்பார். பனியில் விரல் அழுகி வருபவன், கண்ணிவெடியில் கால் போனவன், வண்டி உருண்டு முதுகு ஒடிந்தவன். அவர்களையெல்லாம் தூக்கித் தூக்கித்தான் இன்றைக்கு அவருடைய இடுப்பும் முழங்காலும் இந்த நிலையில் இருக்கின்றன. அதைக் காட்டுவதற்கு பஸ் பிடித்து செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நிற்கிறார். கையில் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ராணுவம் சம்பந்தப்பட்ட அட்டை எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்க, ஒருமுறை அவரை ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்: "ஐயா எந்த ரெஜிமென்ட்டும்மா?"

"ஐயா இல்ல சார். நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. "கணவர் பேர், படை எண் எழுதிக் குடுங்க. விதவைன்னா அதுக்குத் தனி ஃபாரம்" என்றார். பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார், கடைசிவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. பெரியம்மா பையிலிருந்து தன் பழைய காகிதத்தை எடுத்து வைத்தார். அதைப் படித்த பிறகு அவர் சொன்ன பதிலைத்தான் நான் இந்தக் கட்டுரையின் தலைப்பாக வைத்திருக்கிறேன். "நீங்களா சொந்த விருப்பத்துல வெளிய வந்திருக்கீங்களேம்மா. அப்ப நீங்க முன்னாள் படைவீரர் கணக்குல வரமாட்டீங்க."

விதிப்படி அவர் சொன்னது சரி. ஓய்வூதியத்தோடு வந்தவர், பணியினால் உடல் பழுதாகி அனுப்பப்பட்டவர், ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு வந்தவர் போன்றோர்தான் முன்னாள் படைவீரர். தானாகக் கேட்டுக்கொண்டு ஓய்வூதியமில்லாமல் வந்தவருக்கு அதில் இடமில்லை. ஆனால் அந்தச் 'சொந்த விருப்பம்' எங்கிருந்து வந்தது?

1977ஆம் ஆண்டின் 61ஆம் எண் ராணுவ அறிவுறுத்தல் என்று ஒன்று இருந்தது. ராணுவ செவிலியர் சேவையில் நிரந்தர நியமனம் பெற்ற பெண்ணை எந்தெந்தக் காரணங்களுக்காக வீட்டுக்கு அனுப்பலாம் என்று அது பட்டியல் போட்டது. மருத்துவக் குழு தகுதியற்றவர் என்று சொன்னால் அனுப்பலாம். ஒழுங்கீனம், ஒப்பந்த மீறல், வேலை திருப்தியில்லை என்றாலும் அனுப்பலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காரணம்: திருமணம். நோய்க்கும் குற்றத்துக்கும் நடுவில் கல்யாணத்தை வைத்த விதி அது. ஆண்களுக்கு அப்படியொரு வரி கிடையாது. 1995 ஆகஸ்டில்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

பெரியம்மாவுக்கு 1982இல் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லா நர்ஸுக்கும் தெரியும். 'நீக்கம்' என்ற வார்த்தை காகிதத்தில் ஏறினால் நாளைக்கு வேறெங்கும் வேலை கிடைக்காதே என்று பயந்து, அவரே எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். நீட்டிய கத்திக்கு முன்னால் பையைக் கழற்றிக் கொடுப்பதற்குப் பெயர் தானம் என்றால், இதற்குப் பெயரும் சொந்த விருப்பம்தான்.

பயப்படாமல் நின்றவர்களுக்கு என்ன ஆனது? செலினா ஜான் வழக்கைப் பாருங்கள். செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்ட்டாக இருந்தவர். ஒரு ராணுவ அதிகாரியைத்தான் மணந்துகொண்டார். 1988 ஆகஸ்டில் அவரைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். கணவர் அதே ராணுவத்தில் தொடர்ந்தார். 2016இல் லக்னோவிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செலினா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒன்றிய அரசு அதோடு விட்டதா? மேல்முறையீடு போனது. கடைசியில் 2024 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், திருமணத்துக்காகப் பெண்ணை வேலையைவிட்டு நீக்குவது தன்னிச்சையானது, பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீட்டை எட்டு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னது. 36 வருஷம் ஆயிற்று. தவறு என்று தெரிந்து 1995இல் தூக்கியெறிந்த விதிக்காக, அதற்கப்புறமும் பல வருஷம் வழக்காடியிருக்கிறது அரசு.

அந்தத் தீர்ப்பைச் செய்தியில் பார்த்து நான் துள்ளினேன். பெரியம்மா துள்ளவில்லை. "அவங்கள நீக்குனாங்கடி பாப்பா. என்னை யாரு நீக்குனா? நான்தானே எழுதிக் குடுத்தேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அநியாயத்தை எதிர்த்து நின்றவருக்காவது அநியாயம் நடந்ததற்குச் சாட்சியாக ஒரு காகிதம் இருக்கிறது. பயந்து ஒதுங்கியவரிடம் அதுவும் இல்லை. அவரே தனக்கு எதிரான சாட்சி.

இங்கே சிலர் எழுந்து நிற்பார்கள். "நர்ஸெல்லாம் ராணுவமா? எல்லையிலே நின்னவங்களைப் பத்திப் பேசுங்க" என்பார்கள். இந்தியாவில் ராணுவ செவிலியர் சேவையின் வரலாறு 1888இல் பம்பாயில் வந்திறங்கிய பத்து நர்ஸுகளிலிருந்து தொடங்குகிறது. 1943இல் அவசரச் சட்டத்தின் வழியாக அவர்கள் ஆயுதப்படைகளின் பகுதியானார்கள். அதிகாரி தகுதி பெற்றார்கள். சல்யூட் அடிக்க வைக்கும்போது அதிகாரி, சலுகை கேட்கும்போது மட்டும் நர்ஸம்மாவா? இந்தக் கேள்வியும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பஞ்சாப் மாநிலப் பணித் தேர்வில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை ஒரு செவிலிய அதிகாரிக்கு மறுத்தார்கள். அவரும் முன்னாள் படைவீரர்தான் என்று 2024இல் இர்வான் கோர் வழக்கில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக டெல்லிக்குப் போய், தான் யார் என்று தீர்ப்பு வாங்கிவர வேண்டும் என்றால் அது என்ன நாடு?

சரி, நர்ஸை விடுங்கள். 1992இலிருந்து மற்றப் பிரிவுகளிலும் பெண் அதிகாரிகளை எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி நம் பரங்கிமலையில்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்களுக்குக் கொடுத்த காலம் 5 வருஷம். பிறகு 10 ஆக்கினார்கள். பிறகு 14 வரை நீட்டினார்கள். அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டிய காலம் 20 வருஷம். இந்த நாலு எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏணி நீண்டுகொண்டே போகும், ஆனால் பரண் எட்டாது. குறுகிய காலப் பணியில் வந்த ஆணுக்கு நிரந்தரப் பணி கேட்க வழி இருந்தது. பெரும்பாலான பிரிவுகளில் பெண்ணுக்கு அந்த வழியே இல்லை. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னது. அதற்கும் மேல்முறையீடு. பபிதா பூனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று அதை உறுதிசெய்தது. அதன் பிறகாவது கொடுத்தார்களா? ஆண்களுக்கு இளம் வயதில் வைத்த உடல்தகுதி அளவுகோலை, நாற்பது தாண்டிய பெண்களுக்கு வைத்து வடிகட்டினார்கள். 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் அதுவும் பாகுபாடுதான் என்று நீதிமன்றம் இன்னொரு தடவை சொல்ல வேண்டிவந்தது.

மருத்துவமும் இதே கதைதான். முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் வந்தது. ஓய்வூதியம் இருந்தால்தான் அதில் சேரலாம். ஓய்வூதியமே எட்டாதபடி வேலைக் காலத்தை வகுத்துவிட்டு, ஓய்வூதியம் இருந்தால்தான் வைத்தியம் என்றால் என்ன அர்த்தம்? 2019இல்தான் குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் 16 வருஷம் போய்விட்டது. பெரியம்மா இந்த இரண்டு வாசலிலும் நுழைய முடியாதவர்.

"தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டு சேர்ந்தாங்க?" இது அடுத்த வாதம். மறுபடியும் அதே சொந்த விருப்பம். விதியை எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். எழுதியவரின் தவறுக்குக் கையெழுத்தைக் காரணம் காட்டக்கூடாது என்பதைத்தான் மேலே சொன்ன எல்லா வழக்குகளும் சொல்கின்றன.

எங்கள் பக்கத்தில் தேசிங்குராஜன் கதை தெரியாதவர் இல்லை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து, சின்னப்படையோடு போய் மாண்டவன். கதைப்பாடலில் அவன் குதிரைக்குக்கூடப் பேர் உண்டு. அவன் மனைவி தீயில் இறங்கினாள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள். இன்றைக்கு அது ஒரு மாவட்டத்தின் பெயர். தீயில் அவள் எப்படி இறங்கினாளாம்? சொந்த விருப்பத்தின் பேரில். போரோடு சம்பந்தப்பட்ட பெண் செத்தால் ஊருக்கே பேர் வைப்போம். முழங்கால் தேய்ந்து உயிரோடு வந்து நின்றால், கணவர் படை எண் கேட்போம்.

கேப்டன் லட்சுமியை மதிக்கிறோமே என்பீர்கள். மதிக்கிறோம், 1998இல் பத்ம விபூஷண் கொடுத்தோம். அவருடைய ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பங்கு மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அதில் நாலு பேர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு தலைவியைச் சுவரொட்டியில் ஒட்டிவிட்டு, பின்னால் வந்த அணிவகுப்பையே மறந்துவிடுவது நமக்குப் பழக்கம்.

பழங்கதை பேசவில்லை. செஞ்சியில் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அக்னிவீர் கனவு. 2022இல் வந்த திட்டம் அது. நாலு வருஷ வேலை. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். ஓய்வூதியம் இல்லை, படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. கடற்படையின் முதல் அணியில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்தவர்களில் 273 பேர் பெண்கள். ஆண்களுக்கும் இதே நிலைதானே என்றால், ஆமாம். பெண்ணுக்குச் செய்தபோது கேட்காமல் இருந்தோம், இப்போது எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. ராணுவப் பயிற்சியில் எலும்பில் விரிசல் விடுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. இருபத்தி நாலு வயதில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த வலி நாற்பதில் எழுந்தால் எங்கே போவாள்? செஞ்சி ஆஸ்பத்திரியில், பெரியம்மாவுக்குப் பின்னால் டோக்கன் வாங்கி நிற்பாள். சேரும்போது என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவைக் கொண்டாடுபவள் இல்லை நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே படைவீரர் நலத்துறையின் குறிக்கோள் வாசகம் லிங்கனின் பேச்சிலிருந்து எடுத்தது. போரைச் சுமந்த ஆணையும், அவன் விதவையையும், அனாதையான பிள்ளையையும் காப்போம் என்பது அதன் பொருள். இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று பெண் படைவீரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023இல் அதை மாற்றி எல்லோருக்கும் பொதுவாக எழுதினார்கள். அங்குள்ள படைவீரர் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பெண்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். நமக்கு வாசகத்தை மாற்றக்கூட வேண்டாம், ஃபாரத்தை மாற்றினாலே போதும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 1995க்கு முன்னால் செவிலியர் சேவையிலிருந்து திருமணத்தையொட்டி வெளியே வந்த எல்லோரையும், நீக்கப்பட்டவரா எழுதிக் கொடுத்தவரா என்று பார்க்காமல், அரசே பதிவேட்டிலிருந்து தேடி எடுக்கட்டும். அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதியும் மருத்துவ அட்டையும் கொடுக்கட்டும். இனி ஒருத்தியும் வழக்குப் போட வேண்டியிருக்கக்கூடாது. அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள்; செலினா ஜான் காத்திருந்த 36 வருஷம் அவர்களிடம் இல்லை. படையில் எத்தனை வருஷம் இருந்தாலும், அங்கே வந்த உடல் கோளாறுக்கு ஆயுள் முழுக்க வைத்தியம் என்பது சட்டமாகட்டும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பெண் மருத்துவர் இருக்கட்டும். மாவட்டம்தோறும், மனைவியாகவோ விதவையாகவோ அல்லாமல் தானே படையில் இருந்த பெண்கள் எத்தனை பேர் என்று தனியாக ஒரு பதிவேடு போடட்டும். எண்ணப்படாதவருக்கு எந்தத் திட்டமும் வராது.

எங்கள் தொண்டூரில் ஒரு பாறை இருக்கிறது. சமணத் துறவிகளுக்காக அதில் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு, சுமார் 1700 வருஷம் பழையது. வெட்டச் சொன்னவன் இளங்காயிபன், செய்தவன் மோசி என்று அதில் இருக்கிறது. காசு கொடுத்தவன் பெயரோடு உளி பிடித்தவன் பெயரையும் எழுத வேண்டும் என்று இந்த ஊருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மோசி வெட்டியது படுக்கை. பெரியம்மா ஏழு வருஷம் விரித்ததும் படுக்கைதான். அடுத்த மாசம் அவரை அந்த அலுவலகத்துக்கு மறுபடியும் கூட்டிப்போகப் போகிறேன். 'கணவர் பெயர், படை எண்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அவர் பெயரையும் அவர் எண்ணையும் எழுதிக் கொடுக்கப்போகிறோம். திருப்பி அனுப்புவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். இந்த முறை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.