பழைய கணினியும் திமிலைதீவு ஓடுபாதையும்

கணினி பழையதாகிவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கு என்பதே இன்று எல்லோரும் எல்லோருக்கும் வழங்கும் புத்திமதி. விற்பவர் சொல்கிறார், திருத்துபவர் சொல்கிறார், இரண்டையும் அறியாத அயலவரும் சொல்கிறார். குறிப்பிட்ட ஒரு தேவையைப் பொறுத்தவரை இது தவறான புத்திமதி என்பது என் கருத்து. விமானமோட்டக் கற்க விரும்பும் ஒரு பையனின் தேவை அது.

கல்லடியில் இருக்கும் என் மருமகன் அண்மையில் கேட்டான்: "மாமா, உங்கட பழைய கொம்பியூட்டரில பிளைட் சிமுலேட்டர் ஓடுமா?" பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் ஒரு மூட்டை அதற்குள் கிடப்பதால் மட்டுமே நான் கழித்துவிடாமல் வைத்திருந்த இயந்திரம் அது. கோர் 2 டுவோ செயலி, 1 கிகாபைட் ராம், விண்டோஸ் எக்ஸ்.பி. கடைக்காரர் ஒருவர் அதை இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தாராம்.

ஓடும் என்றேன். எந்தச் சிமுலேட்டர் என்பதைப் பொறுத்தது அது. 2003 ஜூலையில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட 'பிளைட் சிமுலேட்டர் 2004', ரைட் சகோதரர்களின் முதற் பறப்பின் நூற்றாண்டையொட்டி வந்தது. அது கேட்டதெல்லாம் 450 மெகாஹேர்ட்ஸ் செயலி, எக்ஸ்.பி.யில் 128 மெகாபைட் ராம், வன்தட்டில் 1.8 கிகாபைட் இடம். நான்கு இறுவட்டுகளுக்குள் உலகம் முழுவதும் அடங்கியிருந்தது. இன்றைய கைத்தொலைபேசிகளில் சாதாரணமானதும் இதைவிடப் பன்மடங்கு ஆற்றலுடையது. 2006 ஒக்டோபரில் வந்த அடுத்த பதிப்பான 'எக்ஸ்', கிட்டத்தட்ட 14 கிகாபைட் இடம் கேட்டது. கணினியை மூச்சுத்திணறவும் வைத்தது. செயலிகளின் வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. செயலிகளோ வேகத்தில் ஏறாமல் எண்ணிக்கையில் பெருகின. இன்றுங்கூட எட்டு மூளை கொண்ட செயலியில் எக்ஸை ஓடவிட்டால், பெரும்பாரத்தை ஒரு மூளையே சுமக்கும்.

ஆகவே பழைய கணினியைத் தரமுயர்த்துவோர் செயலியின் மூளை எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது. ஒற்றை மூளையின் வேகத்தையே பார்க்க வேண்டும். 3 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள கோர் 2 டுவோ 2004 பதிப்புக்குத் தாராளம். ராமை 2 கிகாபைட்டாக்கினால் போதும். 32 பிட் எக்ஸ்.பி. 4 கிகாபைட்டுக்கு மேல் காணாது. அதில் ஓடும் தனியொரு மென்பொருளுக்கு வழமையாகக் கிடைப்பதும் 2 கிகாபைட்தான். 8 கிகாபைட் போடு என்று எவராவது சொன்னால் உங்கள் பணப்பை பத்திரம். படம் தரும் கிராபிக்ஸ் அட்டைதான் செலவழிக்கத்தக்க இடம். அதையும் பாவித்ததாகவே வாங்கலாம். ஆனால் தாய்ப்பலகையில் இருப்பது ஏ.ஜி.பி. துளையா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அட்டை புதிதாக வருகையில் மின்வழங்கிப் பெட்டியும் தரமானதாக மாறவேண்டும். மலிவான மின்வழங்கி எரியும்போது தனியே எரிவதில்லை, துணைக்குத் தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போகும். எஸ்.எஸ்.டி. தட்டு போட்டால் காட்சிகள் விரைவில் ஏறும் என்பது உண்மை. ஆனால் அதைப் பேணும் முறை எக்ஸ்.பி.க்குத் தெரியாது, நல்ல நிலையிலுள்ள பழைய வன்தட்டே போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யவேண்டிய, காசு செலவாகாத ஒரு வேலை உண்டு. வாவிக்கரையில் வாழும் நமக்கு உப்புக்காற்று ஓயாத விருந்தாளி. ராம் அட்டையின் செப்புப் பற்களில் அது படலமாகப் படிந்துவிடும். கணினி கூவுகிறது, திரை வரவில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்தால் 'போர்ட் போய்விட்டது' என்பார்கள். அட்டையைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கும் இறப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து மீண்டும் செருகுங்கள். பல வேளைகளில் கணினி உயிர்த்துவிடும். செயலியின் மேலுள்ள காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டு, விசிறியின் தூசியைத் தட்டி, திகதியை மறந்துவிடும் கணினிக்கு ஒரு சி.ஆர்.2032 மின்கலம் வாங்கிப் போடுங்கள். இரும்புக்குப் போடச் சொன்ன எங்கள் இயந்திரத்தின் நோயில் பாதி இவ்வளவில் தீர்ந்தது.

புதிய சிமுலேட்டர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2020இல் வந்த பதிப்பு செய்மதிப் படங்களைக் கொண்டு உலகை வரைகிறது. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் நமது வாவியின் வளைவுநெளிவுகளை அதில் வானிலிருந்து பார்ப்பது பெரும் அனுபவம். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் சிலர் அதற்காகவே அதை வாங்கியிருக்கக்கூடும். ஆனால் 2024 பதிப்பு பரிந்துரைப்பது 32 கிகாபைட் ராமும் விநாடிக்கு 50 மெகாபிட் இணையமும். அதன் உலகத்தின் பெரும்பகுதி உங்கள் வீட்டில் இல்லை. எங்கோ இருக்கும் சேவையகங்களிலிருந்து கணந்தோறும் வந்துகொண்டிருக்க வேண்டும். 2024 நவம்பர் 19ஆம் திகதி அது வெளியானபோது சேவையகங்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் உலகெங்கும் திரையை வெறித்தபடி காத்திருந்தார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டிய நாட்டில் வாழ்கிறோம். இறக்குமதியாகும் ஒரு கிராபிக்ஸ் அட்டையின் விலைக்கு மாதச் சம்பளக்காரர் பதில் சொல்லமுடியாது.

இன்னொன்றும் சொல்வேன், இதுவே எனக்கு முக்கியமானது. பழைய மென்பொருளின் குறையே கற்பவனுக்கு வாய்ப்பாகிறது. எயார் சிலோன் 1947இல் சேவையைத் தொடங்கியது டி.சி.-3 விமானத்தைக் கொண்டு. அந்த டி.சி.-3 பழைய சிமுலேட்டருக்குள் இருக்கிறது. இரத்மலானையிலிருந்து அதைக் கிளப்பி மட்டக்களப்புக்கு வாருங்கள். நேர்கோட்டில் சுமார் 120 கடல் மைல். திசை ஏறத்தாழ 64 பாகை. இடையில் மலைநாடு நிற்பதால் 9,500 அடிக்கு ஏறவேண்டும். கண்டிக்குச் சற்றுத் தெற்காகக் கடந்து, மகாஓயாவையும் உன்னிச்சைக் குளத்தையும் தாண்டி வரும் கோடு அது. ஆனால் உன்னிச்சைக் குளம் அந்த மென்பொருளில் நாம் அறிந்த வடிவில் தெரியும் என்று நம்பியிருக்கக்கூடாது. தரை முழுவதும் ஒரே மாதிரியான பச்சைத் துண்டுகளை ஒட்டிவைத்தது போலிருக்கும். ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டால், பையனிடம் மிஞ்சுவது திசைமானியும் கடிகாரமும் கணக்கும்தான்.

மணிக்கு 140 கடல் மைல் வேகமென்றால் 51 நிமிடம். காற்றை நாமே நிர்ணயிக்கலாம். மார்கழியின் வடகீழ்ப் பருவக்காற்றை 20 மைல் வேகத்தில் எதிரே வைத்தால் ஒரு மணிநேரம். கச்சான் காலத்துக் காற்றை முதுகில் வைத்தால் 45 நிமிடம். திசையில் 10 பாகை வடக்கே பிசகினால் வாழைச்சேனைப் பக்கம் போய் நிற்பீர்கள். தெற்கே பிசகினால் கல்முனைக்கு மேலே. கீழே கடல் வந்துவிட்டதென்றால் எங்கேயோ கணக்குத் தவறிவிட்டது என்று பொருள். ஒரு வகுப்பறைக்குள் திரிகோண கணிதத்தையும் புவியியலையும் இவ்வாறு கைகோக்க வைப்பது எளிதல்ல. புதிய பதிப்பிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் கண்ணுக்கெதிரே கல்லடிப் பாலமும் பாலமீன்மடு வெளிச்சவீடும் தெரியும்போது எவன் கடிகாரத்தைப் பார்ப்பான்?

திமிலைதீவில் உள்ள நமது விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. எயார் சிலோன் வந்துபோன காலமும் இருந்தது. 1983இல் அது விமானப்படையின் வசமாகியது. பிறகு இரு தலைமுறைகளுக்கு விமானம் என்றால் தலைக்குமேல் வரும் அச்சம் என்றே பொருளாயிற்று. பதுங்குகுழிக்குள் இருந்து அந்த ஒலியைக் கேட்டவர்களின் பிள்ளைகள் இன்று அதே ஒலியைத் திரையில் விரும்பிக் கேட்கிறார்கள். 2016இல் புதுப்பிக்கப்பட்டு மக்கள் சேவைக்கென அது திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் கொழும்புக்குப் போவோர் நம்பியிருப்பது பேருந்தையும் புகைவண்டியையுமே. விமானியின் இருக்கையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு படுவான்கரைப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

இனி ஒரு குறை. 2004 பதிப்பு திருட்டு நகலைத் தடுக்க 'சேவ்டிஸ்க்' என்ற பூட்டுடன் வந்தது; நான்காவது இறுவட்டு உள்ளே இருந்தால்தான் இயங்கும். பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டின் சாவியை ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் ஓர் இற்றைப்படுத்தல் மூலம் அது முடக்கப்பட்டது. விளைவு? காசு கொடுத்து வாங்கியவரின் இறுவட்டு புதிய கணினியில் திறக்காது. பூட்டை உடைத்த நகல் வைத்திருப்பவருக்கோ எந்த இடையூறும் இல்லை. நேர்மையாக வாங்கியவர் தன் பொருளை அப்படியே பாவிக்க எளிய வழி, பழைய கணினியில் எக்ஸ்.பி.யைப் பேணுவதுதான். எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதி முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். வங்கிக் கணக்கைப் பார்க்க அதைத் தொடவே வேண்டாம்.

பாடசாலைகளின் களஞ்சிய அறைகளில் 'பழுது' என்ற சீட்டுடன் இத்தகைய கணினிகள் எத்தனையோ உறங்குகின்றன. ஏலத்தில் போகுமுன் அதிபர்கள் ஒரு சனிக்கிழமை உயர்தர மாணவர்களை அழைத்து, ஓர் இறப்பரும் ஒரு திருப்புளியும் கொடுத்து அந்த அறையைத் திறந்துவிடட்டும். ஐந்தைப் பிரித்தால் இரண்டாவது தேறும். ஓடுபாதையையும் தரிப்பிடத்தையும் தாமே வரைந்து சேர்க்க 2004 பதிப்புக்கென 'ஏ.எவ்.கேட்' என்ற இலவசக் கருவியும் உண்டு. திமிலைதீவை வரைபவர்கள் அந்தப் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.